அடுத்த ஃபைட்டுக்கு இப்பவே புக் பண்ணுன்னு மெசேஜ் அனுப்புறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாக்ஸிங் ப்ரொமோட்டர்களுக்கும், பே-பெர்-வியூன்னு ஒவ்வொரு ஃபைட்டுக்கும் தனிக்காசு போட்டு விக்கிற டிவி, ஸ்ட்ரீமிங் கம்பெனிக்காரங்களுக்கும்,

நேத்து ராத்திரி மறுபடியும் உங்க மெசேஜ் வந்துச்சு. இப்பவே புக் பண்ணுங்க, தவற விட்டுடாதீங்கன்னு. மெயின் ஃபைட்டுல யாரு யாருன்னு ஒரே ஒரு ஜோடி பேருதான் போட்டிருக்கு, மிச்ச ஃபைட்டெல்லாம் "விரைவில்". விலைக்கு மட்டும் விரைவில் கெடையாது, அது சென்ட் வரைக்கும் தெளிவா இருக்கு. நான் புக் பண்ணல, இனிமேலும் பண்றதா இல்ல. இருபது வருஷத்துக்கு மேல உங்ககிட்ட காசு குடுத்தவன், சும்மா கழண்டுக்காம ஏன்னு சொல்லிட்டுப் போறதுதான் மொறைன்னு தோணுச்சு, அதான் இத எழுதறேன்.

நான் பொறந்து வளந்தது ராயபுரம். வட சென்னைல பாக்ஸிங்க யாரும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்ல, சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு குத்துச்சண்டைப் பரம்பரை பேரச் சொல்லி டீக்கடைல வாய்ச்சண்டை நடக்கற ஊரு அது. எங்க நைனா ஹார்பர்ல வேலை பாத்தவரு. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட ரிங்ல ஏறுனப்ப நைனா கூட்டத்துல இருந்தாரு. அந்தக் கதைய நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் அலி கொஞ்சம் ஒசரமாயிட்டே போவாரு. இந்தக் கதைய ஏன் இங்க சொல்றேன்னு அப்புறம் வர்றேன்.

2003ல வேலைக்காக ஜெர்ஸி சிட்டி வந்தேன். வந்த கொஞ்ச நாள்லயே, ஜூன் 7ந்தேதி சனிக்கிழமை, ரூம்மேட் வெச்சிருந்த எச்.பி.ஓ கனெக்‌ஷன்ல ஆர்ட்டுரோ காட்டியும் மிக்கி வார்டும் மூணாவது தடவ மோதுனாங்க, எங்க ஸ்டேட்லயே, அட்லாண்டிக் சிட்டில. ஒரு உலக பெல்ட் கூட பணயத்துல இல்ல. நாலாவது ரவுண்டுல காட்டியோட வலது கை ஒடஞ்சு போச்சு, அந்தக் கையோடவே மனுஷன் பத்து ரவுண்டும் நின்னு ஜெயிச்சாரு. எங்க ரூம்ல ஒரு குண்டூர் பையன் இருந்தான், கிரிக்கெட்ட தவிர வேற எதையும் திரும்பிப் பாக்காதவன், அன்னிக்கு சோபா மேல ஏறி நின்னு கத்தறான், கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவத் தட்டற அளவுக்கு. அந்த ஒரு ராத்திரில உங்களுக்கு நாலு கஸ்டமர் கெடச்சோம். மாசச் சந்தாவுக்கு மேல எங்ககிட்ட ஒரு காசு நீங்க வாங்கல.

இப்ப 2015 மே 2க்கு வர்றேன்.

ஃப்ளாய்ட் மேவெதர் – மேனி பாக்கியாவ். அஞ்சு வருஷமா இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்த ஃபைட்டு. எச்.டில பாக்க 99 டாலர் 95 சென்ட். அப்ப எடிசன்ல இருந்தோம், எங்க அபார்ட்மென்ட்ல பன்னெண்டு பேர் சேந்து ஆளுக்கு எட்டு டாலர் சொச்சம் போட்டோம், பிரியாணிக்கு தனியா. அந்தப் பன்னெண்டுல பாக்ஸிங் பாக்கறவங்கன்னு பாத்தா மூணு பேருதான், மிச்சவங்க எல்லாம் "என்னமோ நூற்றாண்டு சண்டைன்றாங்களே"ன்னு வந்தவங்க. விசால வந்திருந்த நைனா டிவிக்கு முன்னாடி சேர இழுத்துப் போட்டு சாயங்காலமே உக்காந்துட்டாரு. கடைசி நேரத்துல வாங்குனவங்க கூட்டம் தாங்காம கேபிள் சிஸ்டமெல்லாம் தெணறுதுன்னு மெயின் ஃபைட்ட தள்ளி வெச்சீங்க, மணி அடிக்கறதுக்குள்ள நடுராத்திரி ஆயிடுச்சு, கொழந்தைங்க எல்லாம் கார்பெட்லயே தூங்கிடுச்சுங்க.

நாலாவது ரவுண்டுல பாக்கியாவோட இடது கை ஒண்ணு விழுந்துச்சு, மேவெதர் கயிறுல சாஞ்சு முகத்த மூடிக்கிட்டாரு, வீடே எழுந்து நின்னுச்சு. அவ்ளோதான். அதுக்கப்புறம் எழுந்து நிக்க ஒண்ணுமே நடக்கல. எட்டாவது ரவுண்டு ஓடும்போது ஒருத்தன் எழுந்து போயி பிரியாணி அண்டாவக் கழுவ ஆரம்பிச்சுட்டான், அந்த சத்தம்தான் எனக்கு இன்னிக்கும் அந்த ஃபைட்டுன்னா ஞாபகம் வருது. நைனா மட்டும் கடைசி வரைக்கும் கண்ண எடுக்காம பாத்தாரு, முடிஞ்சதும் மேவெதர காட்டி "அவன் தொழில் தெரிஞ்சவன்டா, அடி வாங்காம அடிக்கறான், அதுல தப்பே இல்ல"ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா இன்னொருத்தனுக்கு கையில என்னமோ இருக்குடா"ன்னாரு.

இருந்துச்சு. ஃபைட்டு முடிஞ்சப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது, பாக்கியாவுக்கு வலது தோள்ல தசை கிழிஞ்சிருந்துச்சுன்னு. ட்ரெயினிங் கேம்ப்லயே ஆன காயம். ஃபைட்டுக்கு முன்னாடி, பாக்ஸிங்க மேற்பார்வை பாக்கற நெவாடா மாநில கமிஷனுக்கு குடுத்த ஃபார்ம்ல தோள்ல காயம் இருக்கான்ற கேள்விக்கு "இல்ல"ன்னு டிக் போட்டிருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் வலிக்கு ஊசி போட அனுமதி கேட்டப்பதான் கமிஷனுக்கே விஷயம் வந்துச்சு, அவங்க முடியாதுன்னுட்டாங்க. அமெரிக்கால மட்டும் 46 லட்சம் பேர் வாங்குன ஃபைட்டு, 40 கோடி டாலருக்கு மேல வசூல். அந்த 46 லட்சம் வீட்டுல ஒரு வீட்டுக்காவது தோள் விஷயம் முன்னாடியே தெரியுமா?

ரசிகர்கள் கேஸ் போட்டாங்க. 2017ல தள்ளுபடி ஆச்சு, 2019 நவம்பர்ல அப்பீல் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு: நீங்க காசு குடுத்தது விதிப்படி நடக்கற முழு நீள ஃபைட்டுக்கு, அது உங்களுக்குக் கெடச்சிடுச்சேன்னு. சட்டம் அப்படி இருக்கலாம், கோர்ட்டோட எனக்கு சண்டை இல்ல. ஆனா அந்தத் தீர்ப்பப் படிச்சுட்டு உங்க ஆபீஸ்ல யாராவது "அப்பாடா"ன்னு மூச்சு விட்டிருந்தா, அவங்களுக்குத்தான் இந்த மடல்.

அந்தப் பன்னெண்டு பேர்ல அதுக்கப்புறம் காசு போட்டு பாக்ஸிங் பாத்தவங்க ரெண்டே பேரு. நானும் எதிர் வீட்டு மலையாளி சாரும். நாலே மாசத்துல அதே மேவெதர் ஆண்ட்ரே பெர்ட்டோவோட இறங்குனாரே, எவ்ளோ பேர் வாங்குனாங்க? மே மாசத்துக் கணக்குல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. எதிராளி அவ்ளோ பெரிய பேரு இல்ல, ஒத்துக்கறேன். ஆனா மே மாசம் புதுசா உள்ள வந்த லட்சக்கணக்கான பேர்ல கொஞ்ச பேராவது மனசு வந்து நின்னிருந்தா இவ்ளோ சரிஞ்சிருக்காது.

நீங்க என்ன பதில் சொல்லுவீங்கன்னு எனக்கே தெரியும். "அதுக்கப்புறம் 2017ல மேவெதர் – மெக்ரெகர் 43 லட்சம் வித்துச்சே, மூணு வாரத்துல கனெலோ – கொலோவ்கின் பத்து லட்சத்துக்கு மேல போச்சே, ஜனங்க எங்கயும் போகல"ன்னுவீங்க. சரிதான். ஒரு சப்ப ஃபைட்டால பாக்ஸிங் செத்துடாதுன்னு நானும் ஒத்துக்கறேன், பழைய வெறியன் எப்பவும் திரும்பி வருவான், நானே வந்தேனே. ஆனா மெக்ரெகர் பாக்ஸரே இல்ல, கை கால் எல்லாம் வெச்சு மோதற யூ.எஃப்.சி சண்டைக்காரர், அவருக்கு வந்தவன் பாக்ஸிங் பாக்க வரல, வேடிக்கை பாக்க வந்தான். கனெலோ – கொலோவ்கின் நல்ல ஃபைட்டு, அதுக்கு என்ன பண்ணீங்க? ஒரு ஜட்ஜ் பாயின்ட்ல 118–110ன்னு ஒருதலையா கனெலோவுக்குப் போட்டு, மொத்தத்துல டிரான்னு முடிச்சு விட்டீங்க. நல்ல ஃபைட்டு பாத்தவனையும் சந்தேகத்தோட தூங்க அனுப்பறதுக்கு தனித் தெறமை வேணும் சாமி.

இங்க ஒண்ண தெளிவா சொல்லிடறேன், ஏன்னா எங்களப் பாத்து "ரத்தம் பாக்க ஆசைப்படறவங்க"ன்னு ஒரு நக்கல் உங்க ஆளுங்ககிட்ட உண்டு. சீக்கிரம் முடிஞ்சா கோபம், மெதுவா போனா கோபம்னு இல்ல. 1985ல ஹாக்லர் – ஹேர்ன்ஸ் மூணாவது ரவுண்டுலயே முடிஞ்சுது, நாப்பது வருஷமா ஜனங்க அதப் பேசிட்டிருக்காங்க. 1995ல ஜெயில்லேர்ந்து வந்த டைசன் பீட்டர் மெக்நீலிய 89 செகண்ட்ல முடிச்சாரே, மெக்நீலியோட மேனேஜரே ரிங்ல ஏறி நிறுத்துனாரே, அதையும் பேசறாங்க, ஆனா சிரிச்சுட்டே. ரெண்டும் சின்ன ஃபைட்டுதான். ஒண்ணுல ரெண்டு பேரும் சமம், இன்னொண்ணுல ஒருத்தன் அடிவாங்கறதுக்காக கூட்டிட்டு வரப்பட்டவன், பாக்கறவனுக்கு அந்த வித்யாசம் தெரியும்.

நைனா கதைக்கு வர்றேன். 1980ல நேரு ஸ்டேடியத்துல நடந்தது நெஜ ஃபைட்டே இல்ல, காட்சிப் போட்டி. அலி ஓய்வுல இருந்தாரு, எல்லிஸ் அவரோட சின்ன வயசு கூட்டாளி, ரெண்டு பேரும் பட்டும் படாம வெளையாடுனாங்க. ஆனா ஸ்டேடியத்த விட்டு ஒருத்தனும் ஏமாந்துட்டேன்னு சொல்லிட்டு வரலன்னு நைனா சொல்லுவாரு. ஏன்னா காட்சிப் போட்டின்னு சொல்லித்தான் வித்தாங்க. நீங்க காட்சிப் போட்டிய நூற்றாண்டு சண்டைன்னு சொல்லி நூறு டாலருக்கு விக்கறீங்க. ஃபைட்டு மொக்கையா போறது யாருக்கும் நடக்கும், ஒண்ணச் சொல்லி இன்னொண்ண விக்கறதுதான் என்னால ஜீரணிக்க முடியல.

2015 மே 2லேர்ந்து சரியா பத்து வருஷம் கழிச்சு, 2025 மே 2ந்தேதி, நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் நடுவுல ரிங் போட்டீங்க. ஊருக்கு நடுவுல வெச்சீங்க, ஆனா டிக்கெட் பொது ஜனத்துக்கு இல்ல, அழைப்பு இருந்தாதான் உள்ள. ரயன் கார்ஸியா – ரோலி ரோமெரோ, பன்னெண்டு ரவுண்டுல ரெண்டு பேரும் சேந்து வீசுனது 490 பஞ்ச். அதே மேடைல டெவின் ஹேனி – ஹோசே ரமிரெஸ், 503. மறுநாள் ரியாத்துல கனெலோ – வில்லியம் ஸ்கல், 445. பஞ்ச எண்ணற கம்ப்யூபாக்ஸ் கம்பெனி கணக்கெடுக்க ஆரம்பிச்ச நாப்பது வருஷத்துல, பன்னெண்டு ரவுண்டு முழுசா ஓடுன ஃபைட்டுலயே அதுதான் ஆகக் கம்மி. கனெலோ மட்டும் 152. முப்பத்தாறு நிமிஷம், 152 பஞ்ச், நிமிஷத்துக்கு நாலு. எங்க அம்மா தோசைக்கல்லுல தண்ணி தெளிக்கறது இத விட வேகமா இருக்கும்.

அந்த வாரம் என் பையன் ஒண்ணு கேட்டான். அவனுக்கு பதினஞ்சு வயசு, ஜிம்முக்கு வேற போறான், பாக்ஸிங்க அவன் தலைல ஏத்தணும்னு நான் படாத பாடு பட்டிருக்கேன். ஸ்கல் ஃபைட்டு ஏழாவது ரவுண்டுல, "டாட், இதுக்கு எவ்ளோ குடுத்தீங்க?"ன்னான். சொன்னேன். ஒண்ணுமே சொல்லாம ஃபோன எடுத்துட்டு ரூமுக்குப் போயிட்டான். ரெண்டு நிமிஷத்துல அங்கேர்ந்து காட்டி – வார்டு சத்தம் கேக்குது, யூட்யூப்ல, ஃப்ரீயா. நீங்க இழக்கறது என்னய இல்ல, எனக்கு வயசாச்சு. அவனத்தான்.

இது தனி வீட்டுக் கதை இல்ல. சப்ப ஃபைட்டால வருஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்கறவன் போயிடறான். அவன் போனதும் வசூல் கொறையுதுன்னு மிச்சம் இருக்கற எங்க மேல வெலைய ஏத்தறீங்க. வெலை ஏறுனதும் எங்கள்ல கொஞ்சம் பேர் திருட்டு லிங்க்குக்குப் போயிடறாங்க, அது தப்புதான், ஆனா யாரு தள்ளி விட்டது? அப்புறம் இன்னும் வெலை. எச்.பி.ஓ 1973லேர்ந்து நடத்துன பாக்ஸிங்க 2018ல மூடுச்சு. அதே மாதிரி இன்னொரு சந்தா சேனல் ஷோடைம் 2023ல மூடுச்சு. காட்டி – வார்டு மாதிரி ஒண்ண சந்தாவுலயே காட்டுன ரெண்டு பெரிய கடையும் இப்ப இல்ல. 2018ல ஒரு ஸ்ட்ரீமிங் கம்பெனி வந்து பே-பெர்-வியூ செத்துப் போச்சுன்னு விளம்பரம் பண்ணுச்சு, நாலு வருஷத்துல அவங்களே பே-பெர்-வியூ விக்க ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம் யூ.எஃப்.சிய பாருங்க, வருஷக்கணக்கா பே-பெர்-வியூலயே சம்பாதிச்சவங்க, 2026லேர்ந்து அமெரிக்கால அத விட்டுட்டு பாரமவுன்ட் பிளஸ் சந்தாவுக்குள்ள போறதா ஒப்பந்தம் போட்டாங்க. அவங்க என்ன தர்மத்துக்கா பண்றாங்க? என் பையன் வயசுக்காரங்கள கணக்குப் போட்டுத்தான் பண்றாங்க.

கதவத் தெறந்தா வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர்ல 58 வயசு டைசன, யூட்யூப்லேர்ந்து பாக்ஸிங்குக்கு வந்த ஜேக் பாலோட இறக்குனீங்க, ரெண்டு நிமிஷ ரவுண்டு எட்டு, டைசன் வீசுனதே 97 பஞ்ச், பட்டது 18. ஊரெல்லாம் ஸ்ட்ரீம் சுத்தி சுத்தி நின்னுச்சு. கேவலமான மெயின் ஈவென்ட். ஆனா தனிக்காசு இல்லாம நெட்ஃப்ளிக்ஸ் சந்தாவுலயே வந்ததால கோடிக்கணக்கான பேர் பாத்தாங்க, அதுக்கு முந்தின ஃபைட்டுல கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் பத்து ரவுண்டு அடிச்சுக்கிட்டத பாத்துட்டு, மறுநாள் ஆபீஸ்ல பாக்ஸிங்னா என்னன்னே தெரியாத பொண்ணுங்க என்கிட்ட வந்து யாரு ஜெயிச்சிருக்கணும்னு கேட்டாங்க. என் இருபது வருஷத்துல அப்படி யாரும் கேட்டதில்ல. 2025 செப்டம்பர்ல க்ராஃபர்டு – கனெலோவும் அதே மாதிரி சந்தாவுலதான் வந்துச்சு, உலகம் பூரா நாலு கோடி பேர் பாத்தாங்க. இத்தன தெரிஞ்சும் திரும்ப எனக்கு "இப்பவே புக் பண்ணு"ன்னு மெசேஜ்.

இதுல என் சொந்த கடுப்பு ஒண்ணும் இருக்கு, சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி ஒரு ஃபைட்டு, கம்பெனி பேரு வேணாம், ஒம்பதாவது ரவுண்டுல படம் அப்படியே நின்னுடுச்சு. திரும்பி வந்தப்ப ரெஃப்ரி ஒருத்தர் கைய தூக்கிப் புடிச்சிட்டிருக்காரு. எழுவது டாலருக்கு மேல குடுத்து ஒரு நாக்அவுட்ட ட்விட்டர்ல பாத்தேன். கம்ப்ளெயின்ட் பண்ணேன், டிக்கெட் நம்பர் ஒண்ணு வந்துச்சு, ரெண்டு வாரம் கழிச்சு "உங்க இன்டர்நெட்ட செக் பண்ணுங்க"ன்னு ஒரு மெயில், அதோட சரி.

ஆகவே கேக்கறேன். கெஞ்சல, கேக்கறேன்.

தோள் விஷயம் திரும்ப நடக்கக் கூடாது. கேம்ப்ல ஆன காயம் எதுவா இருந்தாலும் எடை பாக்கற நாளுக்குள்ள கமிஷனுக்கு எழுத்துல போகணும், ஃபைட்ட பாதிக்கற காயம்னா ரசிகனுக்கு ஒரு வரில சொல்லணும், சொன்னப்புறம் வேணாம்னு நெனைக்கறவனுக்கு காசு திரும்பக் குடுக்கணும். 2000ல அலி பேர்லயே அமெரிக்கால ஒரு சட்டம் வந்துச்சு, ப்ரொமோட்டர் ஒரு ஃபைட்டுல எவ்ளோ வாங்கறாருன்னு பாக்ஸர்கிட்ட சொல்லியாகணும்னு. பாக்ஸர்கிட்ட மறைக்கக் கூடாதுன்னா காசு போடறவன்கிட்ட மட்டும் ஏன் மறைக்கலாம்?

மெயின் ஃபைட்டுக்கு முன்னாடி நடக்கற அண்டர்கார்டு ஃபைட்டெல்லாம் முழுசா முடிவாகாம விக்க ஆரம்பிக்காதீங்க. மெயின் ஃபைட்டு எத்தன மணிக்குன்னு எழுதுங்க, அரை மணி முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல, ஆனா சாயங்காலம்னு சொல்லிட்டு நடுராத்திரில மணி அடிக்கற பழக்கத்த விடுங்க, ஈஸ்ட் கோஸ்ட்ல ஒரு கொழந்த கூட முழிச்சிட்டு பாக்க முடியறதில்ல, அப்புறம் இளைஞர்கள் வரலன்னு கமிட்டி போடறீங்க.

ஸ்ட்ரீம் நின்னா காசு தானா திரும்பி வரணும், நான் நிரூபிக்கணும்னு இருக்கக் கூடாது. உங்க சர்வர் நின்னது என்னய விட உங்களுக்கு நல்லா தெரியும்.

வருஷத்துக்கு ரெண்டு நல்ல ஃபைட்டு, சாம்பியன் இருக்கற ஃபைட்டு, தனிக்காசு இல்லாம குடுங்க. பெரிய பேரு வேணும்னு இல்ல, சமமான ரெண்டு பேரு போதும். பே-பெர்-வியூ போட்டே ஆகணும்னா போட்டுக்கோங்க, ரெண்டு நாள் கழிச்சு முழு ஃபைட்டையும் ஃப்ரீயா விடுங்க, என் பையன் பாக்கட்டும்.

காட்சிப் போட்டிய காட்சிப் போட்டின்னு சொல்லி வித்தீங்கன்னா நானும் நைனாவும் மொதல் ஆளா வாங்கறோம், அத சத்தியமா சொல்றேன்.

இதெல்லாம் மேலிடத்துல பேசி முடிவெடுக்கணும், நாள் ஆகும்னு சொல்லுவீங்க, ஆகட்டும். இன்னிக்கே முடியற ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், அந்த மெசேஜ் லிஸ்ட்லேர்ந்து என் நம்பர எடுத்துடுங்க. ரெண்டு தடவ "ஸ்டாப்"னு அனுப்பிட்டேன்.

இப்படிக்கு,
எடிசன், நியூ ஜெர்ஸியிலேர்ந்து
ஒரு ராயபுரத்துக்காரன்